மிச்சம் பிடித்த கணக்கு டீச்சர்

“ஏங்க, பால் வாங்க வச்சிருக்கற காசுல சோப்பு வாங்கலாமா?”

என் மனைவி இப்படிக் கேட்டபோது நான் கடையில் ஒரு வெள்ளைச் சட்டையின் காலரை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். சலவைக் கடை எங்களுடையது. கடைக்கு மேலே வீடு. வேலை முடிந்து வந்தால் நேரே மாடிக்குப் போகிறவள், அன்று கைப்பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல் அழுக்குத் துணி மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

“பால் வாங்கின மிச்சத்துல தாராளமா வாங்கலாமே,” என்றேன்.

“வாங்கக்கூடாதாம். பால் காசுல பால்தான் வாங்கணுமாம். சோப்பு இல்லாம நாறிப்போனாலும் சரி, வீடு பூரா பால் பொங்கி வழிஞ்சாலும் சரி.”

“யாரு சொன்னா?”

“ஆபீஸ்ல.”

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தேன். காலர் கருகிவிட்டால் சட்டைக்காரருக்கு யார் பதில் சொல்வது?

எங்கள் தெருவில் அவளுக்குப் பேரே கணக்கு டீச்சர்தான். நான் ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். அவள் கணக்கில் பட்டம் வாங்கியவள். அவளிடம் படித்துப் போன பிள்ளைகள் இன்று பிள்ளை குட்டியோடு வந்து கடை வாசலில் நின்று “டீச்சர் இருக்காங்களா?” என்று கேட்பார்கள். அப்படிப்பட்டவள் ஒரு கணக்கு புரியவில்லை என்று மூட்டை மேல் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

அவள் ஏன் அந்த ஆபீசுக்குப் போனாள் என்று சொல்ல வேண்டும். அவள் வகுப்பறைக் கூரை ஒழுகும். மழைக்காலம் முழுக்க நடுவகுப்பில் ஒரு வாளி இருக்கும். வாளி நிரம்ப எத்தனை நேரம் ஆகிறது என்று பார்க்கச் சொல்லி, அதை வைத்தே பிள்ளைகளுக்குக் கன அளவு நடத்திவிட்டாள். ஆனால் ஒவ்வொரு வருடமும் கூரையைப் பற்றி எழுதிப் போடுவாள். ஒவ்வொரு வருடமும் “மேலே பணம் இல்லை” என்று பதில் வரும். நாற்பதைத் தாண்டிய பிறகு ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள்: “மேலே மேலேங்கறாங்களே, அந்த மேலே எப்படித்தான் இருக்குன்னு ஒரு தடவ போய்ப் பாத்துடணும்.”

அவள் தம்பி, என் மச்சான், பார்சல் வண்டி ஓட்டுகிறவன், அன்று எங்களோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். “அக்கா, மேலே போறேன்னு எல்லாம் சாப்பிடறப்ப சொல்லாத. மாமா முகத்தப் பாரு,” என்றான்.

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வட்டாரக் கல்வி அலுவலகத்தில், நிர்வாகியாக வர நினைக்கும் ஆசிரியர்களுக்கு இரண்டு வருடப் பயிற்சி உண்டு. வாரத்தில் இரண்டு நாள் அங்கே போக வேண்டும். அந்த இரண்டு நாளும் அவள் வகுப்பை ஒரு மாற்று வாத்தியார் எடுப்பார். பயிற்சி முடிந்ததும், வட்டாரப் பள்ளிகளின் வரவு செலவை முடிவு செய்யும் கல்விக் குழு பரிந்துரைத்தால் நிர்வாகி ஆகலாம். விண்ணப்பித்தாள். கிடைத்தது. போன முதல் நாளே பால் காசில் சோப்பு வாங்கக்கூடாது என்று திரும்பி வந்தாள்.

விஷயம் இதுதான், எனக்கு விளங்கிய மட்டும். வட்டாரத்துப் பள்ளிகளுக்கெல்லாம் சேர்த்து வரும் பணத்தைத் தலைப்புத் தலைப்பாகப் பிரித்து வைப்பார்கள். கட்டடத்துக்கு ஒரு தலைப்பு, வண்டிக்கு ஒரு தலைப்பு, ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்க ஒரு தலைப்பு. ஒன்றின் பணம் இன்னொன்றுக்குப் போகக்கூடாது. அதனால்தான் ஒரு பள்ளியில் சுவருக்குப் புது வண்ணம் அடித்திருக்கும், அந்தச் சுவருக்குள் பாடம் நடத்த ஆள் இருக்காது.

“நம்ம கடை மாதிரிதானே,” என்றேன், உதவி செய்வதாக நினைத்து. “ஒரு வீட்டுத் துணிய இன்னொரு வீட்டு மூட்டையில போடக்கூடாதுல்ல?”

அவள் முகம் தெளிந்தது. உடனே மறுபடி சுருங்கியது. “ஆனா எல்லாத் துணியையும் ஒரே தண்ணியிலதானே அலசறோம். அப்ப தண்ணிச் செலவு எந்த வீட்டுக் கணக்கு?”

நான் யோசித்தேன். இத்தனை வருடமாகக் கடை நடத்துகிறேன். அது யார் கணக்கு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தத் தண்ணி மாதிரிச் செலவுக்குப் பொதுச் செலவு என்று தனித் தலைப்பு இருக்கிறதாம். அதைப் பள்ளிகளுக்குப் பிரித்துப் போட ஒரு விதி இருக்கிறதாம். அந்த விதிக்கு விலக்குகள் இருக்கின்றனவாம். விலக்குகளைப் படிக்கத் தொடங்கியதும் அவளுக்குத் தலைவலி வந்துவிட்டது. எனக்குப் படிக்காமலே வந்தது.

அங்கே அவளுக்குச் சொல்லிக்கொடுத்த நிதி அலுவலர் எங்கள் மகளைவிட இரண்டு மூன்று வயதுதான் மூத்த பெண். எல்லோரும் சின்ன மேடம் என்பார்கள். மெலிந்த உடம்பு, பெரிய கண்ணாடி, பேச்சு மட்டும் மிளகாய். “டீச்சர், இத கணக்குன்னு நினைக்காதீங்க,” என்பாளாம். “உங்க கணக்குல ஒண்ணும் ஒண்ணும் ரெண்டு. இங்க அது எந்த ஒண்ணுன்னு மொதல்ல கேக்கணும்.” என் மனைவி வீட்டுக்கு வந்து அதை அப்படியே பேசிக் காட்டி, “பொடிசுங்க, எனக்கு ஒண்ணு எதுன்னு சொல்லித் தருது,” என்று சிரிப்பாள். சிரிப்புக்குள் ஒரு மரியாதையும் இருந்தது.

சில மாதம் போனதும் பயிற்சிக்கு வந்தவர்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு சின்னத் தலைப்பைக் கொடுத்தார்கள். வருடம் முடியும்வரை அதை நீங்களே நடத்துங்கள் என்றார்கள். இவளுக்குக் கிடைத்தது உதவியாளர் தலைப்பு. காது கேளாத, கண் தெரியாத, நடக்க முடியாத பிள்ளைகளுக்கு வகுப்பில் கூட இருந்து உதவுகிற ஆட்களுக்கு மணிக்கணக்கில் கூலி கொடுக்கிற தலைப்பு.

அப்படித்தான் சைகை அக்கா எங்களுக்குப் பழக்கமானாள். பாலத்துக்குப் பக்கத்துப் பள்ளியில் காது கேளாத பிள்ளைகளுக்கு டீச்சர் சொல்வதையெல்லாம் கையாலேயே சொல்லிக்கொடுப்பவள். வயதில் எங்களைவிடச் சின்னவள், ஆனாலும் பள்ளிப் பிள்ளைகள் வைத்த பேர் எங்கள் வாயிலும் ஒட்டிக்கொண்டது. கடையில் ஆவி பறக்கிற சத்தத்தில் பேசினால் கேட்காது. அவள் வாசலில் நின்றே கையை ஆட்டி, சேலைக்குக் கஞ்சி வேண்டாம் என்று எனக்குப் புரிய வைத்துவிடுவாள். கையெழுத்துகூடச் சரியாக வராத எனக்கே அவள் கை பேசுவது விளங்கியது.

அந்த வருடத்தின் நடுவில், சைகை அக்காவின் பள்ளி இருக்கும் தெருவிலேயே எதிர்ப்புறம் இருந்த பள்ளியின் உதவியாளர் வேலையை விட்டுப் போனார். புது ஆள் கிடைக்கவில்லை. என் மனைவி சைகை அக்காவிடம் கேட்டாள். “ரெண்டு பள்ளியையும் கொஞ்ச நாள் பாத்துக்க முடியுமாம்மா?” சைகை அக்கா சரி என்றாள். இங்கே ஒரு பாடவேளை, அங்கே ஒரு பாடவேளை என்று தெருவைக் குறுக்கே ஓடி ஓடிப் பார்த்தாள். சாப்பாட்டை நடந்துகொண்டே சாப்பிட்டாள். கொஞ்ச நாள் என்றது வருடக் கடைசிவரை போயிற்று. அவளுக்குக் கொடுத்தது எப்போதும் கொடுக்கிற ஒரு ஆள் கூலிதான். எதிர்ப்பள்ளியின் கூலி அப்படியே மிச்சமானது.

மிச்சம் பிடிப்பது எங்கள் வீட்டில் ஒரு பெருமை. என் மனைவி தேய்ந்த சோப்புத் துண்டைப் புதுச் சோப்பின் முதுகில் ஒட்டிக் குளிப்பவள். பற்பசைக் குழாயைக் கத்தரியால் வெட்டி உள்ளே இருப்பதையும் எடுப்பவள். மாதக் கடைசியில் ஏதாவது மிஞ்சினால் அவள் நடையே மாறிவிடும், கழுத்தில் புதுச் சங்கிலி போட்டதுபோல.

வருட முடிவில் ஆபீசுக்கு நாற்காலிகள் வந்து இறங்கின. அவள் அதைச் சொன்னபோது கோபத்தில் மூச்சு வாங்கியது.

“நல்லா இருக்கற நாற்காலிய மாடியில அடுக்கிட்டுப் புது நாற்காலி வாங்கறாங்கங்க. ஏன் சார்னு கேட்டா, ‘வருஷம் முடியறதுக்குள்ள செலவு பண்ணியாகணும் டீச்சர்’ங்கறார். அதுக்கு ஒரு சிரிப்பு வேற.”

“நாற்காலி உடைஞ்சிருந்ததோ என்னவோ,” என்றேன். யாரையும் சட்டென்று குறை சொல்ல எனக்கு வராது.

“நான் உக்காந்து பாத்துட்டுதான் சொல்றேன்!”

அந்த ஊழியருக்கு அன்றிலிருந்து நாற்காலி சார் என்று பேர் வைத்துவிட்டாள். தன் தலைப்பில் மட்டும் ஒரு காசுகூட வீணாக்கவில்லை. நாலில் ஒரு பங்கு மிச்சம். கடைசி நாள் அந்த மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வரும் வழியில் இனிப்பும் வாங்கி வந்தாள். எனக்கு ஒன்று, மச்சானுக்கு ஒன்று, கடைக்கு வந்த தெரியாத ஆளுக்கும் ஒன்று.

“சின்ன மேடம் என்ன சொன்னா?” என்று கேட்டேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். “ஒண்ணும் சொல்லல. கண்ணாடியக் கழட்டித் துடைச்சா. அப்புறம் மறுபடியும் துடைச்சா.”

சின்ன மேடம் ஏன் கண்ணாடியைத் துடைத்தாள் என்பது, புது வருடத்துப் பட்ஜெட்டின் வரைவு வந்தபோது தெரிந்தது. உதவியாளர் தலைப்பில் நாலில் ஒரு பங்கைக் குறைத்திருந்தார்கள். எதிர்ப்பள்ளியின் உதவியாளர் இடம் அடியோடு போய்விட்டது. அங்கேயும் இங்கேயும் உள்ள பிள்ளைகளுக்குச் சைகை அக்கா ஒருத்திதான். காலையில் இங்கே அரை நாள், மத்தியானம் அங்கே அரை நாள்.

“போன வருஷம் செலவு பண்ணலன்னா, இந்த வருஷம் தேவையில்லன்னு அர்த்தம்,” என்று சின்ன மேடம் சொன்னாளாம். “நீங்க திருப்பித் தந்த பணம் பொதுக் குவியலுக்குப் போயாச்சு. நீங்க மிச்சம் பிடிச்சது யாருக்கும் மிச்சமாகல டீச்சர்.”

“இத நீங்க மொதல்லயே சொல்லியிருக்கலாமே!”

“திருப்பித் தர்றதுக்கு முன்னால வந்து கேப்பீங்கன்னு நினைச்சேன். மிச்சம் பண்ற ஆளு இங்க யாரும் வந்ததில்ல. நான் எதிர்பாக்கல.”

இதை என்னிடம் சொல்லிவிட்டு என் மனைவி இஸ்திரிப் பலகையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பணத்தைச் சாப்பிட்டவனுக்குத் தண்டனை என்றால் புரியும். சாப்பிடாமல் வைத்தவளுக்கு எப்படித் தண்டனை வரும்? அதுவும் தண்டனை அவளுக்குக்கூட இல்லை, தெருவைக் குறுக்கே ஓடியவளுக்கு.

“அப்ப நாற்காலி வாங்கினவரு?” என்றேன்.

“அவருக்கு இந்த வருஷமும் முழுசா வருது.”

மச்சான் சோறு கேட்டு வந்தவன் இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னான்: “பாவம் அக்கா நீ. ஆபீசுல போய் வீடு நடத்தியிருக்க.” அதற்கு அவள் கோபிப்பாள் என்று நினைத்தேன். கோபிக்கவில்லை. ஆமாம் என்று தலையாட்டினாள்.

சைகை அக்காவுக்கு விஷயம் எட்டி, மறுநாளே கடைக்கு வந்தாள். கையால் பேசவில்லை, வாயால் பேசினாள்.

“டீச்சர், எனக்குக் கோபமெல்லாம் இல்ல. காலையில என்கிட்ட உக்கார்ற பொண்ணு இருக்காளே, மத்தியானம் நான் எழுந்து போனதும் என்ன பண்ணுவா? டீச்சர் வாயையே பாத்துட்டு உக்காந்திருப்பா. டீச்சர் கரும்பலகை பக்கம் திரும்பிட்டாங்கன்னா அதுவும் இல்ல. போன வருஷம் ஓடி ஓடிச் சமாளிச்சேன். அத வழக்கமாவே ஆக்கிட்டாங்களே.”

என் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “நான்தான்மா அப்படிப் பண்ணேன்.”

“நீங்க தெரிஞ்சா பண்ணீங்க?”

“தெரியாமப் பண்ணா மட்டும் அந்தப் பொண்ணுக்குக் காது கேக்குமா?”

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே நினைப்புதான். எதிர்ப்பள்ளிக்கு ஒரு உதவியாளர் திரும்பக் கிடைக்க வேண்டும், சைகை அக்கா பழையபடி முழு நாளும் ஒரே பள்ளியில் இருக்க வேண்டும். வழி இருக்கிறதா என்று சின்ன மேடத்திடம் நச்சரித்தாள். வழி ஒன்றே ஒன்றுதான் என்று அவள் சொன்னாள். ஆள் செலவு என்று ஒரு பெரிய தலைப்பு இருக்கிறது. உதவியாளர் கூலி அதற்குள்தான் வருகிறது. அந்தப் பெரிய தலைப்புக்குள் ஒரு இடத்தில் குறைத்து இன்னொரு இடத்தில் கூட்ட, கல்விக் குழு கைதூக்கினால் போதும். அதற்கு வெளியே கட்டடம், நாற்காலி எதையும் தொட முடியாது.

“ஆனா ஒண்ணு சொல்லிடறேன் டீச்சர்,” என்றாளாம். “பட்ஜெட்டுக்கு நடக்கற பொதுக் கூட்டத்துல கல்விக் குழுத் தலைவர் உங்களப் பாராட்டப் போறார். மிச்சம் பிடிச்ச ஒரே தலைப்பு உங்களுதுதான். அவருக்கு அது ரொம்பப் பிடிச்சுப்போச்சு. பரிந்துரைக்கு இதவிட நல்ல பேர் கிடைக்காது. பேசாம உக்காந்துட்டீங்கன்னா, பயிற்சி முடிஞ்சதும் நீங்க நிர்வாகி. அதுக்கப்புறம் வேண்டியதச் செய்யலாம்.”

நானும் அதையேதான் சொன்னேன். முதலில் நாற்காலியில் உட்காரட்டும், பிறகு நல்லது செய்யட்டும். சொன்னதும் எனக்கே அது நாற்காலி சார் பேச்சு மாதிரி இருந்தது, வாயை மூடிக்கொண்டேன். காலையில் கடை திறக்கும்முன் கைகூப்பி நிற்பது என் வழக்கம். அன்று என்ன கேட்பதென்று தெரியவில்லை. இவளுக்குப் பதவி கொடு என்றால் அந்தப் பெண் குழந்தை மத்தியானம் டீச்சர் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். எது சரியோ அதைச் செய் ஆண்டவனே என்று அவன் தலையிலேயே போட்டுவிட்டுக் கடையைத் திறந்தேன். அவள் ஒரு வாரம் முழுக்க ஆள் செலவுத் தலைப்பின் கீழ் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தாள். வண்டி ஓட்டுகிறவர்கள், சமையற்காரர்கள், பெருக்குகிறவர்கள். “யாரப் பாத்தாலும் ஒரு ஆளா இருக்குங்க,” என்றாள். “குறைக்கறதுக்கு ஒரு காலி இடம்கூட இல்ல.” அப்புறம் ஒருநாள் பேச்சை நிறுத்திவிட்டாள். ஏதோ கண்டுபிடித்துவிட்டாள் என்று தெரிந்தது. என்னவென்று கேட்டதற்கு, “கூட்டத்துல சொல்றேன்,” என்றாள்.

பொதுக் கூட்டம் ஒரு பள்ளியின் உணவுக்கூடத்தில் நடந்தது. நீளப் பலகைகளை ஒதுக்கி நாற்காலி போட்டிருந்தார்கள். கல்விக் குழுத் தலைவர் மருந்துக் கடை வைத்திருப்பவர். மருந்துச் சீட்டைப் படிக்கிற மாதிரி எதையும் ஒருதரம் கண்ணுக்கு அருகே, ஒருதரம் தூரத்தில் வைத்துப் பார்ப்பார். அவர் பக்கத்தில் குழுவினர், பின்னால் சின்ன மேடம். பெற்றோர் நிறையப் பேர் வந்திருந்தார்கள். நானும் மச்சானும் பின்வரிசையில் உட்கார்ந்தோம். சைகை அக்கா சுவரோரமாக நின்றாள், காது கேளாத ஒரு பெண்மணிக்காக, மேடையில் பேசுவதையெல்லாம் கையால் சொல்லிக்கொண்டு.

தலைவர் ஒவ்வொரு தலைப்பாக வாசித்தார். உதவியாளர் தலைப்பு வந்ததும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

“இங்க ஒரு நல்ல செய்தி சொல்லணும். நம்ம கணக்கு டீச்சர், பயிற்சிக்கு வந்த முதல் வருஷமே, பொதுப்பணத்தத் தன் பணம் மாதிரி பாதுகாத்துத் திருப்பித் தந்திருக்காங்க. இந்த மாதிரி ஆள்தான் நமக்கு நிர்வாகியா வேணும். எல்லாரும் கைதட்டுங்க.”

எல்லோரும் கைதட்டினார்கள். மச்சான் விசில்கூட அடித்துவிட்டான். என் மனைவி எழுந்து நின்றாள். கைதட்டல் அடங்கும்வரை நின்றாள்.

“ஐயா, தயவுசெஞ்சு என்னப் பாராட்டாதீங்க,” என்றாள். குரல் வகுப்பில் பேசுகிற குரல் இல்லை. “நான் மிச்சம் பிடிச்சது எப்படின்னா, ரெண்டு ஆள் செய்யற வேலைய ஒரு ஆள ஓடி ஓடிச் செய்ய விட்டுப் பிடிச்சது. அது மிச்சம் இல்ல. தேவை குறையல. எனக்கு இந்த நிதி விஷயம் புரியாததால ஒரு பள்ளியில ஒரு ஆளோட இடமே போச்சு.”

தலைவர் கண்ணாடியை இறக்கினார். “இருங்க. நீங்க மிச்சம் பிடிச்சீங்களா, பிடிக்கலையா?”

“பிடிச்சேன் ஐயா. பிடிச்சதுதான் தப்பு.”

“மிச்சம் பிடிக்கறது தப்பா?”

“வீட்டுல தப்பில்ல. இங்க தப்பு.”

கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. ஒரு அம்மா, “டீச்சர், எங்க வீட்டுக்காரர்கிட்ட இத வந்து சொல்லுங்க!” என்றார். தலைவர் குழுவினரைப் பார்த்தார், குழுவினர் சின்ன மேடத்தைப் பார்த்தார்கள். எனக்கு ஒரு நிம்மதி, எனக்கு மட்டும்தான் புரியவில்லை என்றில்லை.

“சரிம்மா, இப்ப என்ன செய்யச் சொல்றீங்க?” என்றார் தலைவர். “கையில காசு இல்ல. கட்டடத்துல இருந்து எடுக்க முடியாது.”

“ஆள் செலவுக்குள்ளேயே எடுக்கலாம் ஐயா. நீங்க கைதூக்கினாப் போதும்.”

“யாருகிட்ட இருந்து எடுக்கறது? வண்டி டிரைவரா? சமையலா?”

“அவங்க யாரும் வேண்டாம். அந்தப் பட்டியல்ல நிர்வாகப் பயிற்சின்னு ஒரு வரி இருக்கு. அதுல என் வகுப்புக்கு மாற்று வாத்தியாருக்குக் குடுக்கற சம்பளம் இருக்கு. என் ரெண்டாவது வருஷப் பயிற்சிய நிறுத்திடுங்க. அந்தக் காசு எதிர்ப்பள்ளி உதவியாளருக்குச் சரியா வரும். நான் கணக்குப் போட்டுப் பாத்துட்டேன்.”

மச்சான் என் முழங்கையை இடித்தான். “மாமா, அக்கா என்ன சொல்றா? ஆபீசரா வேண்டாம்ங்கறாளா?”

“தெரியலடா,” என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை. இத்தனை வருடம் கூரையையும் வாளியையும் பார்த்துவிட்டு மேலே போகிறேன் என்றவள், மேலே போன ஒரே வருடத்தில் தன் ஏணியைத் தானே எடுத்துக் கொடுக்கிறாள். எனக்குக் கண் கலங்கியது. சந்தோஷமா வருத்தமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

தலைவர் பின்னால் திரும்பிச் சின்ன மேடத்திடம் கேட்டார். “இப்படிப் பண்ணலாமா?”

சின்ன மேடம் எழுந்தாள். கண்ணாடியைத் துடைக்கவில்லை. “பண்ணலாம் சார். விதி இடம் தருது.”

“இந்த அம்மாவுக்கு இந்த வழிய யாரு சொன்னது?”

“நான்தான் சார். இதுக்குன்னு தெரியாம சொல்லிட்டேன்.”

கையைத் தூக்கச் சொன்னார்கள். முதலில் இரண்டு கை எழுந்தது, பிறகு மூன்றாவது, பிறகு தலைவருடையது. எதிர்ப்பள்ளிக்கு உதவியாளர் இடம் திரும்ப வந்தது. சைகை அக்கா முழு நாளும் ஒரே பள்ளியில். தலைவர் அடுத்த தலைப்புக்குப் போய்விட்டார். சுவரோரம் நின்ற சைகை அக்கா, முன்னால் உட்கார்ந்திருந்த பெண்மணிக்கு நடந்ததைச் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்தி என் மனைவியைக் காட்டினாள். அந்தப் பெண்மணிக்கே புரிந்துபோயிற்று. என் மனைவியைத் திரும்பிப் பார்த்து இரண்டு கையையும் மேலே தூக்கி ஆட்டினாள். காது கேளாதவர்கள் கைதட்டுவது அப்படித்தானாம்.

வெளியே வந்ததும் சின்ன மேடம் ஓடி வந்தாள். “டீச்சர், அடுத்த வருஷம் திரும்ப விண்ணப்பம் போடுங்க. ஆனா இடம் இருக்கும்னு என்னால சொல்ல முடியாது.”

“உங்கள நச்சரிக்க வேற ஆள் கிடைச்சுடும் மேடம்.”

“கிடைக்காது,” என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் வேகமாக உள்ளே போய்விட்டாள்.

மச்சான் தன் வண்டியில் கிளம்பிவிட்டான். நாங்கள் இருவரும் பஸ் ஏறினோம்.

“இப்ப ஜெயிச்சோமா, தோத்தோமா?” என்று கேட்டேன். “யாராவது கடையில கேட்டா என்னன்னு சொல்றது?”

“சைகை அக்கா முழு நாள்னு சொல்லுங்க.”

“அது சரி. நீ?”

“நான் பழையபடி வாரம் பூரா கணக்கு டீச்சர்.” சிரித்தாள். சிரித்தவள் நடுவிலேயே நிறுத்தி என் கையை இறுக்கிப் பிடித்தாள். “ஏங்க.”

“என்ன?”

“என் வகுப்ப எடுத்தாரே, அந்த மாற்று வாத்தியார். நான் திரும்பிட்டேன்னா அவருக்கு அந்த ரெண்டு நாளும் இல்லையே.”

நான் அவளைப் பார்த்தேன். வாரம் முழுக்க ஆள் செலவைப் பார்த்து, யாரைப் பார்த்தாலும் ஒரு ஆளாக இருக்கிறது என்றவள். தன் வரியைக் கண்டதும் அதில் இருந்தது தான் மட்டும்தான் என்று நினைத்துவிட்டாள்.

“கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகல அவருக்கு,” என்றாள். “அந்தப் பணத்த நான் என்னோடதுன்னு நினைச்சுக் குடுத்துட்டேங்க. அது அவரோடது.”

“நாளைக்கு ஆபீஸ்ல சொல்லுவாங்க.”

“கடுதாசியிலயா சொல்லுவாங்க? நான் போய்ச் சொல்லணும். எங்க பள்ளியிலயே வேற ஏதாவது இடம் வருமான்னு கேக்கணும். வண்டிப் பள்ளம் நிறுத்தத்துலதான் வீடுன்னு ஒரு தடவ சொன்னார். இறங்குங்க, இறங்குங்க.”

அவசரமாக மணியை அடித்து இறங்கினோம். நீளமான தெரு. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வீடுகள், எல்லாவற்றிலும் ஒரே பச்சைக் கதவு. எந்த வீடு என்று இருவருக்கும் தெரியாது.

“ஆண்டவனே,” என்று ஆரம்பித்தேன். யாருக்காகக் கேட்பது, எதைக் கேட்பது என்று தெரியாமல் அதோடு நிறுத்திக்கொண்டேன். அதற்குள் அவள் தெருவைக் கடந்து, முதல் கதவைத் தட்டிவிட்டாள்.